நுங்கம்பாக்கத்தில் டபுள்ஸ் தொடங்கும் முன் எழுந்து போகிறவர்களுக்கு

சென்னை டென்னிஸ் ரசிகர்களே,

2022 செப்டம்பரில் நுங்கம்பாக்கம் எஸ்.டி.ஏ.டி. அரங்கில் நடந்த மகளிர் சென்னை ஓப்பன் டென்னிஸ் போட்டியைப் பற்றிப் பேச்செடுத்தால், பலருக்கும் சட்டென்று நினைவுக்கு வருவது லிண்டா புருவிர்டோவாவின் முகம்தான். செக் நாட்டிலிருந்து வந்த 17 வயதுப் பெண். இறுதி ஆட்டத்தில் போலந்தின் மாக்டா லினெட்டிடம் முதல் செட்டை இழந்தார். மூன்றாவது செட்டில் 1-4 என்று பின்தங்கினார். அங்கிருந்து மீண்டு 4-6, 6-3, 6-4 என்று ஜெயித்து, தன் முதல் டபிள்யூ.டி.ஏ. பட்டத்தை வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினார்.

அதே வாரம் அதே அரங்கில் இன்னொரு கோப்பையும் கொடுக்கப்பட்டது. அதை வாங்கியவர்கள் யார்?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் திணறுகிறவர்களுக்குத்தான் இந்த மடல். அன்றாட ஆட்டப் பட்டியலில் சிங்கிள்ஸ் முடிந்து டபுள்ஸ் தொடங்கும்போது பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்குவது உலகம் முழுக்க இருக்கிற பழக்கம். வண்டி எடுக்க வேண்டும், மறுநாள் வேலை இருக்கிறது, பிள்ளைக்குத் தூக்கம் வருகிறது. காரணங்கள் நியாயமானவை. ஆனால் அப்படிப் போனவர்கள் அந்த வாரம் எதைத் தவறவிட்டார்கள் என்பதை ஒருமுறையாவது யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும்.

14 ஆண்டு இடைவெளிக்குப் பிறகு இந்தியாவுக்குத் திரும்பிய டபிள்யூ.டி.ஏ. டூர் போட்டி அது. அதற்கு முன் கடைசியாக 2008-ல் பெங்களூரில் நடந்திருந்தது. மகளிர் இரட்டையர் பிரிவில் 16 ஜோடிகள். நான்கு ஆட்டம் ஜெயித்தால் கோப்பை. அதை ஜெயித்தவர்கள் கனடாவின் கேப்ரியேலா டப்ரோவ்ஸ்கியும் பிரேசிலின் லூயிசா ஸ்டெபானியும். இறுதி ஆட்டத்தில் அன்னா பிளிங்கோவா, நடேலா ஜலாமிட்ஸே ஜோடியை 6-1, 6-2 என்று தோற்கடித்தார்கள். ஸ்கோரை மட்டும் பார்த்தால் சப்பென்று முடிந்த ஆட்டம். பத்திரிகையில் ஒரு வரி போதும் என்று தோன்றும்.

அந்த ஒரு வரிக்குப் பின்னால் ஒரு முழங்கால் இருக்கிறது.

சரியாக ஓராண்டுக்கு முன், 2021 செப்டம்பரில், நியூயார்க்கில் அமெரிக்க ஓப்பன் அரையிறுதி. இதே டப்ரோவ்ஸ்கி, ஸ்டெபானி ஜோடி அமெரிக்காவின் கோகோ காஃப், கேட்டி மெக்நாலி ஜோடியை எதிர்த்து ஆடிக்கொண்டிருந்தது. முதல் செட் டை-பிரேக்குக்குப் போனது. ஒரு பந்துக்காக ஓடித் திரும்பிய ஸ்டெபானியின் வலது முழங்கால் மடங்கியது, கீழே விழுந்தார். முழங்காலுக்குள் இருக்கும் முக்கியமான தசைநார் கிழிந்துவிட்டது. சக்கர நாற்காலியில் வைத்து அவரை ஆடுகளத்திலிருந்து அழைத்துப் போனார்கள். கிராண்ட்ஸ்லாம் இறுதிக்கு ஒரு ஆட்டமே பாக்கி இருந்த நேரம்.

அதற்கு ஆறு வாரங்களுக்கு முன்புதான் அவர் டோக்கியோ ஒலிம்பிக்கில் பிரேசிலுக்கு டென்னிஸில் முதல் பதக்கத்தைப் பெற்றுத் தந்திருந்தார். கூட ஆடியவர் லாரா பிகோசி. கடைசி நேரத்தில்தான் அந்த ஜோடிக்கு ஒலிம்பிக்கில் இடமே கிடைத்தது. வெண்கலப் பதக்க ஆட்டத்தின் கடைசி டை-பிரேக்கில் 5-9 என்று பின்தங்கினார்கள். எதிரே நின்றவர்கள் வெரோனிகா குதெர்மெடோவாவும் எலேனா வெஸ்னினாவும். அவர்களுக்கு இன்னும் ஒரே ஒரு புள்ளி போதும். அந்த ஒரு புள்ளியை அவர்களுக்குக் கொடுக்காமல் வரிசையாக ஆறு புள்ளிகள் எடுத்து 11-9 என்று முடித்தார்கள் பிரேசில் பெண்கள்.

அப்படிப்பட்டவர் ஓராண்டு வீட்டில் இருந்தார். அறுவை சிகிச்சை, ஊன்றுகோல், மறுபடி நடக்கப் பழகுதல், மறுபடி ஓடப் பழகுதல். பிறகு அவர் களமிறங்கிய முதல் போட்டி எது தெரியுமா? சென்னை ஓப்பன்தான். காயம்பட்ட அன்று பக்கத்தில் நின்றிருந்த அதே டப்ரோவ்ஸ்கிதான் இங்கேயும் துணை. நுங்கம்பாக்கத்தில் அவர் பந்துக்காகப் பக்கவாட்டில் கால் வைத்த ஒவ்வொரு தடவையும் அந்த முழங்காலுக்கு ஒரு பரீட்சை. 6-1, 6-2 என்பதைச் சப்பென்ற ஸ்கோர் என்று இனி யாரும் சொல்லத் துணிய மாட்டார்கள்.

வலைக்கு அந்தப் பக்கம் நின்றவர்களுக்கும் கதை உண்டு. உக்ரைன் போர் காரணமாக 2022-ல் ரஷ்ய, பெலாரஸ் வீரர்களை விம்பிள்டன் அனுமதிக்கவில்லை. மாஸ்கோவில் பிறந்த ஜலாமிட்ஸே, போட்டிக்குச் சற்று முன் ஜார்ஜியா நாட்டுக்காரராகத் தன்னைப் பதிவு செய்துகொண்டு அங்கே டபுள்ஸ் ஆடினார். பிளிங்கோவா ரஷ்யர்; தேசியக்கொடி இல்லாமல் டூரில் ஆடிக்கொண்டிருந்தவர். மூன்று மாதம் கழித்து இருவரும் சேர்ந்து நுங்கம்பாக்கத்தில் இறுதிக்கு வந்தார்கள். நாடு மாற்றிப் பதிவு செய்துகொண்டவரும், பெயருக்குப் பக்கத்தில் கொடி இல்லாதவரும் ஒரே பக்கம் நின்று ஆடியதைப் பார்க்கும் வாய்ப்பு எந்த ஊருக்கும் அடிக்கடி கிடைப்பதில்லை.

டப்ரோவ்ஸ்கி நமக்கு அந்நியர் அல்ல. 2017-ல் பிரெஞ்சு ஓப்பன் கலப்பு இரட்டையர் பட்டத்தை ஜெயித்தபோது அவருடன் ஆடியவர் குடகைச் சேர்ந்த நம் ரோஹன் போபண்ணா. இறுதி ஆட்டத்தில் தோல்வியின் விளிம்பில் இரண்டு புள்ளிகளைக் காப்பாற்றி, கடைசி டை-பிரேக்கை 12-10 என்று எடுத்தார்கள். கிராண்ட்ஸ்லாம் பட்டம் வென்ற முதல் கனடா பெண் என்ற பெயர் அன்று டப்ரோவ்ஸ்கிக்குக் கிடைத்தது. 2023-ல் நியூசிலாந்தின் எரின் ரவுட்லிஃபுடன் சேர்ந்து அமெரிக்க ஓப்பனை வென்றார்.

2024-ல் அதே ஜோடி நாட்டிங்காமில் ஜெயித்தது. விம்பிள்டன் இறுதிக்குப் போய், இரண்டு செட்டையும் டை-பிரேக்கில் இழந்தது. பாரிஸ் ஒலிம்பிக்கில் டப்ரோவ்ஸ்கி, பெலிக்ஸ் ஓஜே-அலியாசிமுடன் கலப்பு இரட்டையரில் வெண்கலம் பெற்றார். நவம்பரில் ரியாத்தில் ஆண்டிறுதிப் போட்டியையும் அவரும் ரவுட்லிஃபும் வென்றார்கள். ஒரு டபுள்ஸ் வீராங்கனைக்கு இதைவிட நல்ல ஆண்டு அமைவது கஷ்டம். அந்த ஆண்டின் கடைசி நாளன்று அவர் ஒரு செய்தி வெளியிட்டார்: ஏப்ரலில் எனக்கு மார்பகப் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டது, இரண்டு அறுவை சிகிச்சைகள் நடந்தன, விம்பிள்டனிலும் ஒலிம்பிக்கிலும் ஆடுவதற்காக அடுத்தகட்டச் சிகிச்சையைத் தள்ளிப்போட்டேன். அதற்கு ஓராண்டுக்கு முன்பே கட்டி ஒன்று தட்டுப்பட்டு மருத்துவரிடம் காட்டியபோது கவலைப்பட ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்களாம். டூர் வீராங்கனைகளுக்கு நடக்கும் வழக்கமான உடல் பரிசோதனையில் இன்னொரு மருத்துவர் வற்புறுத்திய பிறகே உண்மை தெரிந்தது. 2025-ல் டப்ரோவ்ஸ்கியும் ரவுட்லிஃபும் மறுபடி அமெரிக்க ஓப்பனை வென்றார்கள்.

இவர்தான் 2022-ல் நுங்கம்பாக்கத்தில் நம் கண்ணெதிரே ஆடிவிட்டுப் போனவர்.

ஸ்டெபானியின் கதையில் நமக்கு இன்னொரு பங்கு உண்டு. அது கொஞ்சம் வலிக்கிற பங்கு. சென்னைக்கு வந்துபோன நான்கு மாதத்தில், 2023 ஜனவரியில், மெல்போர்னில் ஆஸ்திரேலிய ஓப்பன் கலப்பு இரட்டையர் இறுதி. ஒரு பக்கம் ஸ்டெபானியும் ரபேல் மாட்டோஸும். மறுபக்கம் சானியா மிர்சாவும் போபண்ணாவும். அதுதான் தன் கடைசி கிராண்ட்ஸ்லாம் என்று சானியா முன்பே அறிவித்திருந்தார். இந்தியா முழுக்க அவர் ஜெயிக்க வேண்டும் என்று காத்திருந்தது. 7-6, 6-2 என்று ஸ்டெபானி ஜோடி ஜெயித்தது. பரிசளிப்பின்போது சானியா பேச முடியாமல் கண்ணீர் விட்டதைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் லட்சக்கணக்கானோர். எதிரே நின்ற பெண் செப்டம்பரில் சென்னையில்தான் மறுபடி ஆடத் தொடங்கினார் என்பது அவர்களில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்?

இங்கே ஒரு விஷயத்தை மனம்விட்டுப் பேச வேண்டும். இந்த ஊரில் டென்னிஸ் மட்டை பிடித்த பெரும்பாலானவர்கள் ஆடுவது டபுள்ஸ்தான். காலை ஆறு மணிக்கு எந்த கிளப்புக்குப் போனாலும், எந்த காலனி மைதானத்தை எட்டிப் பார்த்தாலும், வலைக்கு இரண்டு பக்கமும் இரண்டிரண்டு பேர். வங்கியில் ஓய்வு பெற்றவர் ஒரு பக்கம், மருத்துவர் ஒரு பக்கம். யார் பந்தை யார் எடுப்பது என்று சண்டை, பிறகு சேர்ந்து காபி. ஆடுவது டபுள்ஸ், காசு கொடுத்துப் பார்ப்பது மட்டும் சிங்கிள்ஸ். தான் தினமும் செய்கிற ஒன்றை உலகத்தரத்தில் செய்து காட்டுகிறவர்கள் பக்கத்து ஆடுகளத்தில் இருக்கும்போது எழுந்து போக மனம் எப்படி வருகிறது?

அதிலும் நுங்கம்பாக்கத்துக்கு டபுள்ஸ் பார்க்கத் தெரியாது என்று சொன்னால் அது பொய். ஆண்களுக்கான சென்னை ஓப்பன் இங்கே நடந்த காலத்தில் லியாண்டர் பயஸ், மகேஷ் பூபதி ஜோடி 1997, 1998, 1999 என்று மூன்று ஆண்டு தொடர்ந்து கோப்பையை எடுத்தது. பிறகு 2002-லும், பிரிந்து மறுபடி சேர்ந்த பிறகு 2011-லும் எடுத்தது. அவர்கள் இருவரும் மார்போடு மார்பு மோதிக் குதித்ததை அரங்கம் எழுந்து நின்று ரசித்தது. அப்போது யாருக்கும் டபுள்ஸ் இரண்டாம்பட்சமாகத் தெரியவில்லை. கண்ணும் ருசியும் நம்மிடம் இருக்கின்றன. பெண்கள் ஆடும்போது அவற்றை வீட்டில் வைத்துவிட்டு வருகிறோம் என்பதுதான் ஆதங்கம்.

சரி, உட்கார்ந்தால் எதைப் பார்ப்பது? பந்தைப் பார்க்க வேண்டாம். முதல் இரண்டு கேமுக்காவது பந்தை மறந்துவிடுங்கள்.

செர்வ் போடுகிறவருக்கு முன்னால், வலையோரம் முதுகு காட்டி நிற்கிறாரே, அவரைப் பாருங்கள். ஒரு கை முதுகுக்குப் பின்னால் போகும். விரல்கள் மூடும் அல்லது விரியும். மூடினால் 'இருந்த இடத்திலேயே இருப்பேன்', விரித்தால் 'குறுக்கே பாய்வேன்' என்பது பரவலான வழக்கம்; ஜோடிக்கு ஜோடி சங்கேதம் மாறும். பின்னால் இருப்பவர் அதைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுத்தான் பந்தைத் தூக்கிப் போடுவார். சில சமயம் முன்னால் நிற்பவர் ஆடுகளத்தின் நடுக்கோட்டில், வலை உயரத்துக்குக் கீழே தலை போகும்படி குனிந்து உட்கார்ந்துவிடுவார். வலையின் நடு உயரம் மூன்றே அடி. பின்னாலிருந்து வரும் செர்வ் அவர் தலைக்கு மேலே சீறிக்கொண்டு போகும். அடுத்த கணம் அவர் இடப்பக்கம் எழுவாரா வலப்பக்கம் எழுவாரா என்பது எதிராளிக்குத் தெரியாது. பந்தைத் திருப்பி அடிக்கவும் வேண்டும், குனிந்திருப்பவர் எந்தப் பக்கம் போவார் என்று ஊகிக்கவும் வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து அவருக்குக் கிடைப்பது கண் சிமிட்டும் நேரம்.

ஆடுகளமும் வேறு. சிங்கிள்ஸில் 27 அடி அகலம். டபுள்ஸில் பக்கத்துக்கு நாலரை அடி கூடி 36 அடி. அந்த நாலரை அடிச் சந்தில்தான் பல ஆட்டங்கள் தீர்மானமாகின்றன. வலையோரம் நிற்பவர் நடுவை அடைக்கலாம் என்று ஒரு அடி உள்ளே நகர்ந்தால், கோட்டை ஒட்டிப் பந்து பறக்கும். கோட்டைக் காத்து நின்றால் நடு திறந்துவிடும். பெண்கள் டபுள்ஸில் பின்கோட்டில் இருவர் மூலைக்கு மூலை அடித்துக்கொண்டே இருப்பார்கள். ஆறு முறை, ஏழு முறை பந்து போய்வரும். வலையோரம் நிற்கும் மற்ற இருவரும் ஒவ்வொரு பந்துக்கும் ஒரு அரையடி முன்னே பின்னே அசைந்து காத்திருப்பார்கள், மீன் வரும் வரை ஆற்றோரம் நிற்கிற கொக்கைப் போல. பிறகு ஒரு பந்து சற்றே தளர்ந்து வரும். கொக்கு பாயும். முடிந்தது.

நேரமும் அதிகம் ஆகாது. டூர் போட்டிகளில் டபுள்ஸுக்கு டியூஸ் இழுபறி கிடையாது. 40-40 வந்தால் ஒரே புள்ளி. அதை எந்தப் பக்கத்திலிருந்து எதிர்கொள்வது என்று பந்தை வாங்குகிற ஜோடி தீர்மானிக்கும். ஆளுக்கொரு செட் ஆனால் மூன்றாவது செட்டுக்குப் பதில் பத்துப் புள்ளி டை-பிரேக். ஒரு தமிழ்ப் படம் பார்க்கிற நேரம்கூடப் பிடிக்காது.

கிராண்ட்ஸ்லாமில் மகளிர் டபுள்ஸுக்கு முழு மூன்று செட் உண்டு. அங்கே என்ன நடக்கும் என்பதற்கு 2015 விம்பிள்டன் இறுதியே சாட்சி. சானியா மிர்சாவும் மார்ட்டினா ஹிங்கிஸும் ஒரு பக்கம், ரஷ்யாவின் எகாடெரினா மகரோவாவும் வெஸ்னினாவும் மறுபக்கம். முதல் செட் 5-7 என்று போனது. இரண்டாவது செட்டை டை-பிரேக்கில் பிடித்தார்கள். மூன்றாவதில் 2-5. வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. அங்கிருந்து மூன்று கேமை வரிசையாக எடுத்து 5-5 ஆக்கியபோது ஆட்டம் நிறுத்தப்பட்டு, சென்டர் கோர்ட்டின் கூரை மூடப்பட்டது. விளக்கு வெளிச்சத்தில் திரும்பி வந்து மிச்சமிருந்த இரண்டு கேமையும் எடுத்தார்கள். மகளிர் இரட்டையர் கிராண்ட்ஸ்லாம் வென்ற முதல் இந்தியப் பெண் ஆனார் சானியா. அதே ஆண்டு அமெரிக்க ஓப்பன், அடுத்த ஜனவரியில் ஆஸ்திரேலிய ஓப்பன். தொடர்ந்து 41 ஆட்டங்கள் தோற்காமல் ஓடியது அந்த ஜோடி. மணிக்கட்டும் முழங்காலும் படுத்திய பாட்டில் 2013-ல் சிங்கிள்ஸையே விட்டவர் சானியா. விட்ட பிறகுதான் உலகின் முதலிடம் அவரிடம் வந்தது. 'சிங்கிள்ஸில் தேறாதவர்களுக்கு டபுள்ஸ்' என்று பயிற்சி மைதானங்களில் பெண் பிள்ளைகளின் காதுபட இனி யாரும் சொல்ல வேண்டாம். மார்ட்டினா நவரத்திலோவா பாம் ஷ்ரைவருடன் 1983 முதல் 1985 வரை 109 டபுள்ஸ் ஆட்டங்கள் தொடர்ந்து ஜெயித்தபோது சிங்கிள்ஸிலும் அவர்தான் ராணி. வீனஸும் செரீனாவும் சேர்ந்து 14 கிராண்ட்ஸ்லாம் இறுதிகளில் ஆடி பதினான்கையும் வென்றார்கள்.

இவ்வளவுக்கும் கிடைக்கும் கூலி என்ன? 2025 விம்பிள்டனில் சிங்கிள்ஸ் வென்றவருக்கு 30 லட்சம் பவுண்டு. டபுள்ஸ் வென்ற ஜோடிக்கு 6 லட்சத்து 80 ஆயிரம். அதை இருவர் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். அதே ஆண்டு அமெரிக்க ஓப்பன் கலப்பு இரட்டையரை 16 ஜோடிகளாகச் சுருக்கி, முதன்மைப் போட்டிக்கு முந்தைய வாரத்துக்கு நகர்த்தி, பெரும்பாலான இடங்களை சிங்கிள்ஸ் நட்சத்திரங்களுக்குத் தந்துவிட்டது. காலம் முழுக்க டபுள்ஸையே நம்பி வாழ்கிறவர்களில் பெரும்பாலோர் வெளியே நின்றார்கள். இத்தாலியின் சாரா எர்ரானியும் ஆண்ட்ரியா வவசோரியும் மட்டும், நடப்புச் சாம்பியன்கள் என்ற முறையில் உள்ளே வந்து, நட்சத்திரங்களை ஒவ்வொருவராகத் தோற்கடித்து 10 லட்சம் டாலரையும் கோப்பையையும் எடுத்துப் போனார்கள். அதைப் பார்த்து மனம் நிறைந்தது உண்மை. ஆனால் ஒரு ஜோடி ஜெயித்ததால் கதவு திறந்துவிடவில்லை. காலி இருக்கைகளைக் காட்டித்தான் போட்டி நடத்துகிறவர்கள் இப்படிப்பட்ட முடிவுகளை எடுக்கிறார்கள். இருக்கைகளை நிரப்புவதும் காலி செய்வதும் பார்வையாளர்கள் கையில் இருக்கிறது.

2025 அக்டோபர் இறுதியில் மகளிர் சென்னை ஓப்பன் அதே நுங்கம்பாக்கத்துக்குத் திரும்பியது. மறுபடியும் வரும் என்று நம்புவோம். வரும்போது டிக்கெட் வாங்குகிறவர்களிடம் ஒரு கோரிக்கை. அன்றைய ஆட்டப் பட்டியலில் டபுள்ஸ் ஜோடிகளின் பெயரையும் பாருங்கள். வீட்டில் டென்னிஸ் கற்கும் பெண் குழந்தை இருந்தால் கூட்டி வாருங்கள். வலையோரம் நிற்பவரின் முதுகு தெரிகிற மாதிரி, ஆடுகளத்தின் கடைசி முனைக்குப் பின்னால் உட்கார வையுங்கள். விளையாட்டுப் பக்கம் தயாரிக்கிறவர்களே, அந்த ஒரு வரியை நான்கு வரியாக்குங்கள். யார் எந்தக் காயத்திலிருந்து வந்தார் என்று எழுதுங்கள். சிங்கிள்ஸ் முடிந்து கைதட்டல் அடங்கியதும் ஒரு பத்து நிமிடம் பையைத் தரையிலேயே வைத்திருங்கள். நான்கு பெண்கள் உள்ளே வருவார்கள். எழுந்து போக வேண்டாம்.